கடன் பூசையும் கடனில்லாத அன்பும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது: "செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறேன். முதல் வெள்ளி பூசையைத் தவறவிடுவதில்லை. இரவில் செபமாலை சொல்கிறேன். கடவுள் நம்மை அளவில்லாமல் நேசிக்கிறார் என்று பிரசங்கத்தில் கேட்கிறேன். ஆனால் நான் செய்வதெல்லாம் அந்த அன்புக்குக் கொடுக்கும் பதிலாகத் தெரியவில்லை; மாதத் தவணை கட்டுவதுபோல இருக்கிறது. ஒரு வாரம் விட்டால் பயம் வருகிறது. வீட்டில் மாமி படுக்கையில் இருக்கிறார். எனக்குக் கோட்டையில் வேலை. போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்விடுகிறது. இதற்குள் அந்த அன்புக்கு நான் எப்படிப் பதில் கொடுப்பது?"

மகள், கொட்டாஞ்சேனையில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு மறைக்கல்வி படிப்பித்தவள் நான். இந்தக் கேள்வியை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். 'தவணை' என்ற சொல்லைப் போட்டுக் கேட்டவர் நீங்கள்தான். அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நம்முடைய வேதத் தமிழைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஞாயிறு பூசைக்குப் பெயர் கடன் பூசை. கட்டாயம் அனுசரிக்க வேண்டிய நாள் கடன் திருநாள். கேட்டது கிடைத்தால் செலுத்துவது நேர்த்திக்கடன். பாவத்துக்குச் செய்வது பரிகாரம். பழந்தமிழில் கடன் என்றால் கடமை, முறைமை. தாய் பிள்ளையை வளர்ப்பதும் கடன்தான், அதற்கு எவரும் வட்டி கேட்பதில்லை. நம் முன்னோர் அந்தப் பொருளில்தான் சொல்லை எடுத்திருப்பார்கள். ஆனால் செட்டியார் தெருவில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பள்ளிக் காசு கட்டிய வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கடன் என்றால் என்ன கேட்கும்? தவணை, வட்டி, தவறினால் ஏலம். அந்தக் காதோடுதான் நாம் பூசைக்கும் போகிறோம். உங்கள் பயத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

நானும் அந்தப் பயத்தில் இருந்தவள். என் மூத்த பிள்ளை சிறியவனாக இருந்தபோது முதல் வெள்ளி பக்தியைத் தொடங்கினேன். தொடர்ந்து ஒன்பது மாதம், மாதத்தின் முதல் வெள்ளியன்று பூசை கண்டு நற்கருணை வாங்க வேண்டும். கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது வெள்ளியன்று பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். விடியற்காலையில் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்; அன்று முழுக்க அவன் கட்டிலோரம் கதிரையில் இருந்தேன். மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அழுதேன். எதற்கு? ஏழாவது வெள்ளி விட்டுப்போயிற்றே, இனி முதலிலிருந்து எண்ண வேண்டுமே என்று. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் ஒரு பாவமாகச் சொன்னேன். அந்தச் சுவாமி வயதானவர். சிரித்துவிட்டார். "அந்தக் கலண்டர் உங்கள் வீட்டில் தொங்குகிறதா, ஆண்டவர் வீட்டில் தொங்குகிறதா?" என்று கேட்டார். வேறு புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் வெள்ளி என்பது இயேசுவின் திரு இருதய பக்தியின் ஒரு பகுதி. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்தி எங்கிருந்து வந்தது என்று ஒழுங்காக வாசித்தேன். பிரான்சில் பரே-லெ-மோனியால் என்ற சிற்றூரில் மார்கரீத் மரியா என்ற கன்னியாஸ்திரிக்கு 1673 டிசம்பரிலிருந்து 1675 வரை இயேசு தம் இருதயத்தைக் காட்டினார் என்பது வரலாறு. அது எந்தக் காலம் என்பது முக்கியம். பிரான்சில் அப்போது கடவுளை எண்ணி நடுங்குவதே பக்தி என்று படிப்பிக்கும் ஒரு போக்கு பலமாக இருந்தது. தகுதியில்லை, தகுதியில்லை என்று நல்ல மனிதர்கள் மாதக்கணக்கில் நற்கருணையிலிருந்து ஒதுங்கி நின்றார்கள். அந்த நேரத்தில் இயேசு கேட்டது என்ன? முதல் வெள்ளியன்று வந்து நற்கருணை வாங்குங்கள். வியாழன் இரவு ஒரு மணி நேரம், கெத்செமனியில் நான் தனியாக இருந்ததை நினைத்து, என்னோடு இருங்கள். எட்டி நின்றவர்களைக் கிட்ட வரச் சொன்ன பக்தி அது. அதைக் கொண்டுபோய் நாம் வட்டம் போட்ட கலண்டரில் தொங்கவிட்டோம்.

'பரிகாரம்' என்ற சொல் இங்கே இன்னும் சிக்கல். கொழும்பில் நம் பக்கத்து வீட்டுக்காரர் சாத்திரியிடம் போய் வந்து செய்வதும் பரிகாரம். கிரகதோஷம் தாக்காமல் இருக்கச் செய்வது. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்தச் சொல் அங்கே சரியாகப் பொருந்துகிறது. திரு இருதய பக்தியில் பரிகாரம் என்பது வேறு. ஒரு செத்த வீட்டுக்குப் போய் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வதில்லை. வெளியில் போட்டிருக்கும் கதிரையில் போய் இருக்கிறோம். நாம் இருந்ததால் செத்தவர் எழும்பப் போவதில்லை. ஆனாலும் போகாமல் விட்டால் அது அன்பில்லை. எல்லாரும் விட்டுப்போன இடத்தில் போய் இருப்பதுதான் நம்முடைய பரிகாரம். இதை இப்படி விளங்கிக்கொண்ட பிறகு எனக்கு முதல் வெள்ளி பயம் விட்டுப்போயிற்று. முதல் வெள்ளி பூசை விடவில்லை.

இந்தப் பக்தியைத் திருச்சபை முழுவதற்குமான திருநாளாகத் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் 1856இல் ஆக்கினார். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1899 ஜூன் மாதம் மனுக்குலம் முழுவதையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஒக்டோபரில் எழுதிய சுற்றுமடலும் இதைப் பற்றியதே. அதில் உங்கள் கேள்விக்கு நேரடியாக ஓர் இடம் உண்டு: அன்புக்கு அன்பு கொடுக்க விரும்புகிறவர் தன் சகோதர சகோதரிகளிடம் அதைக் கொடுக்கட்டும், அதைவிடப் பெரிய வழி இல்லை என்கிறார். மாமியின் கட்டிலுக்கு நான் வரப்போவது இந்த வழியாகத்தான். அதற்கு முன் உங்கள் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை ஏன் அந்தோனியாருக்கு உரியதாயிற்று தெரியுமா? அவர் 1231 ஜூன் 13, ஒரு வெள்ளிக்கிழமை, இத்தாலியில் பதுவை நகருக்குப் பக்கத்தில் இறந்தார். நல்லடக்கம் நடந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. அந்த நாளே பக்தர்களின் நாளாகிவிட்டது. கொச்சிக்கடையில் 1822இல் கோவாவிலிருந்து கொண்டுவந்த சொரூபத்தின் முன்னால் நாம் நிற்பதற்கும் அதுதான் காரணம். இது பலருக்குத் தெரியும். அவ்வளவாகத் தெரியாத ஒன்று உண்டு. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அந்த ஆண்டுத் தவக்காலம் முழுவதும் அவர் பதுவையில் பிரசங்கம் செய்தார். அந்த நகரத்தில் வட்டிக்காரரின் கொடுமை தலைவிரித்தாடிய காலம். கடனைக் கட்ட முடியாதவனைச் சிறையில் போட்டுவிடுவார்கள். சிறையில் இருப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கட்டுவான்? 1231 மார்ச் மாதம் பதுவை நகர சபை ஒரு சட்டம் இயற்றியது: கட்ட வழியில்லாதவன் தன்னிடம் இருக்கும் பொருளை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் வைத்திருக்கக் கூடாது. சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின்படி என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கடனாளிகளைச் சிறையிலிருந்து வெளியே எடுத்தவர் அவர். அவர் முன்னால் போய் நின்றுகொண்டு, இந்த வாரத் தவணை கட்டாவிட்டால் என்ன ஆகுமோ என்று நடுங்குகிறோம். அவருக்கே சிரிப்பு வராதா?

நேர்த்தி வைப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. திருச்சபை அதைத் தடுக்கவும் இல்லை. என் தாயார் எனக்காக நேர்ந்து, முழங்காலில் நடந்து மெழுகுதிரி கொளுத்தியவர். அந்த அன்பை நான் குறைத்துப் பேசினால் என் வாய் வேகும். ஆனால் அந்தோனியார் பாண் எப்படி வந்தது என்பதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் கதையைப் பாருங்கள். பதுவையில் ஒரு தாயின் குழந்தை தண்ணீரில் விழுந்து இறந்துபோயிற்று. பிள்ளை திரும்பக் கிடைத்தால் அவன் எடைக்கு எடை தானியத்தை ஏழைகளுக்குக் கொடுப்பேன் என்று நேர்ந்தாள், பிள்ளை எழுந்தான். அவள் கட்டிய கடன் எவர் கைக்குப் போயிற்று? அந்தோனியார் கைக்கல்ல, பசித்தவன் கைக்கு. செவ்வாய்க்கிழமைகளில் கோவிலில் பாண் கொடுப்பதும் கொடுக்கச் சொல்வதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். ஆகவே நீங்கள் கொச்சிக்கடைக்குப் போவதை நிறுத்த வேண்டாம். 'இதைத் தந்தால் இதைச் செய்கிறேன்' என்று தொடங்குவதை மட்டும் கொஞ்சம் புரட்டிப் போடுங்கள். கேட்பதற்கு முன் ஒரு இறாத்தல் பாண் வாங்கி, வாசலில் இருப்பவர் ஒருவருக்குக் கொடுங்கள். பிறகு உள்ளே போய்க் கேட்க வேண்டியதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யச் சொல்வேன், உங்கள் வீட்டார் என்னைத் திட்டினாலும் சரி. ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே போகாதீர்கள். ஞாயிறு பூசை வேறு; அது திருச்சபையின் கட்டளை, அதில் கைவைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை நவநாள் நாமாக எடுத்துக்கொண்டது. அன்று கோட்டையில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் 102 பஸ்ஸில் ஏறாமல் நேரே வீட்டுக்கு வந்து மாமியோடு ஒரு மணி நேரம் இருங்கள். வானம் இடிந்து விழுகிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் போகும்போது காலில் விலங்கு இல்லாமல் போவீர்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடைக் கோவிலுக்குள் குண்டு வெடித்தது. ஜூன் 12, திருநாளுக்கு முந்தின நாள்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் போய் வீதித் தடைக்கு இந்தப் பக்கம் நின்றேன். பக்கத்தில் ஒரு சிங்களத் தாய், நெற்றியில் திருநீறு பூசிய ஒரு முதியவர், நான். எங்கள் காலடியில் மெழுகுதிரிகள். கேட்பதற்கு எவரிடமும் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. அப்படியே நின்றோம். பரிகாரம் என்பதைச் செத்த வீட்டுக் கதிரை என்று சொன்னேனே, அன்று அது எனக்கு முழுதாக விளங்கியது.

இனி அன்றாடம். அதிகம் சொல்லமாட்டேன், புதிதாகப் பத்துப் பக்தி முயற்சிகளை உங்கள் தலையில் ஏற்றினால் அவையும் தவணையாகிவிடும்.

காலையில் கைபேசியை எடுப்பதற்கு முன் நான்கு சொல் சொல்லுங்கள்: ஆண்டவரே, இன்றைய நாள் உமக்கு. அவ்வளவுதான். இந்தக் காலை ஒப்புக்கொடுத்தலுக்கு ஒரு பின்கதை உண்டு, அது எனக்குப் பிடிக்கும். பிரான்சில் வால்ஸ் என்ற இடத்தில் இயேசு சபை மாணவர்கள் சிலர், இந்தியா போன்ற தூரதேசங்களில் மறைப்பணி செய்யப் போகவேண்டும் என்ற துடிப்பில் படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தார்கள். அவர்களை வழிநடத்திய கோத்ரெலே அடிகளார் 1844 டிசம்பர் 3, சவேரியார் திருநாளன்று, அவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: படிக்கிற பாடத்தை, சாப்பிடுகிற சாப்பாட்டை, பட்ட சலிப்பை ஒப்புக்கொடுங்கள், இங்கே இருந்துகொண்டே நீங்கள் மறைப்பணியாளர். அதிலிருந்து பிறந்ததுதான் உலகம் முழுவதும் பரவிய செப இயக்கம். வால்ஸ் மாணவர்களுக்கும் கோட்டையில் கணினிக்கு முன் இருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒப்புக்கொடுக்கும்போது பொதுவாகச் சொல்லாமல், அன்றைக்கு உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். மாதக் கடைசிக் கணக்கு என்றால் மாதக் கடைசிக் கணக்கு. மாமியைக் குளிப்பாட்டுவது என்றால் அது.

பஸ்ஸில் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. ஒரு பத்துமணி போதும். 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் கிடந்த நாட்களில் நான் விரல்களிலேயே எண்ணிச் செபமாலை சொல்லப் பழகினேன். ஒரு கை சிலிண்டரில் கட்டிய கயிற்றைப் பிடித்திருக்க, மறு கையின் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். கண்ணை மூடிக்கொள்ளாமல், ஓர் அருள் நிறைந்த மரியேக்கு ஓர் ஆள் என்று, முன்னால் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வெயிலில் குடைபிடித்தபடி குந்தியிருந்த கர்ப்பிணிக்கு ஒன்று. வரிசைக்குள் புகுந்தவனுக்கும் ஒன்று. அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் காலி வீதி பஸ்ஸிலும் இதையே செய்யலாம்.

"எல்லாம் வெறும் பழக்கமாகப் போய்விட்டது" என்றும் எழுதியிருந்தீர்கள். பழக்கத்தைக் குறைவாக நினைக்காதீர்கள், மகள். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள், இரண்டு வருடத்தில் யாழ்ப்பாணமும் போயிற்று. குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள், பூசைக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப்போல வேடம் பூண்டு வந்து இறங்கும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், இந்தத் தீவின் கத்தோலிக்கரைத் தாங்கியது என்ன? குருக்கள் இல்லாத இடத்தில் செபத்தை நடத்திய மூப்பர்களும் அண்ணாவியார்களும் வீட்டுக்குள் முணுமுணுத்த செபங்கள். கத்தோலிக்கர் எவர் என்று கண்டுபிடிக்க அடிகளார் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்த முகங்களை அவர் பார்த்தார். அந்த 30 ஆண்டுகளில் ஒவ்வொரு இரவும் எல்லாருக்கும் உள்ளம் உருகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் மந்திரம்போலச் சொல்லியிருப்பார்கள். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே பழக்கத்தை வைத்திருங்கள், கணக்கை விட்டுவிடுங்கள். நான் சொல்வதற்கு இதுதான் சாரம். உணர்ச்சி வரும், போகும். செபத்தில் தூங்கிவிழுந்த பிரான்சு நாட்டுக் கன்னியாஸ்திரி சிறுமலர் தெரேசா அதற்காக வருந்தவில்லை. பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்கு அன்பு ஒன்றுதானே என்றார்.

தெரேசாவிடமிருந்து உங்களுக்கென்றே ஒரு சம்பவம் வைத்திருக்கிறேன். தெரேசா இருந்த லிசியு மடத்தில் ஒரு வயோதிபக் கன்னியாஸ்திரி இருந்தார், சகோதரி சென் பியேர். நோயாளி, கோபக்காரி. மாலை செபத்தில் இருக்கும்போதே, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அவரை யாராவது சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒருவரும் முன்வரவில்லை. தெரேசா ஒப்புக்கொண்டார். நேரம் வந்ததும் கிழவி தன் மணல்கடிகாரத்தைக் குலுக்குவார்; 'புறப்படு' என்று அர்த்தம். பின்னால் இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போனால் "விழுத்தப் போகிறாய்". மெதுவாகப் போனால் "உன் கை எங்கே, விட்டுவிட்டாயா? சின்னப் பெண்ணிடம் என்னைக் கொடுத்தது பிழை". கொண்டுபோய் இருத்தி, சட்டைக் கையை அவர் சொன்ன விதத்தில் மடித்துவிட்டால் தெரேசாவின் வேலை முடிந்தது. ஆனால் சில நாளில் ஒன்றைக் கண்டார்: முடங்கிய விரல்களால் கிழவிக்குப் பாணை வெட்ட முடியவில்லை. அன்றிலிருந்து வெட்டிக் கொடுத்து, ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத்தான் போவார். கிழவி கேட்காததை அவர் செய்தார். கிழவியின் மனம் அதில்தான் இளகியது.

உங்கள் மாமிக்கும் இப்படிக் கேட்காத ஒன்று இருக்கும். என்னவென்று எனக்குத் தெரியாது, கண்டுபிடிப்பது உங்கள் வேலை. என் மாமியாரைக் கடைசி மூன்று வருடம் நான் பார்த்தேன். கஞ்சி கொடுத்தேன், துணி மாற்றினேன், ஒன்றிலும் குறைவைக்கவில்லை. ஆனாலும் பின்னேரமானால் ஒரே புறுபுறுப்பு. பல நாளுக்குப் பிறகு ஒரு நாள் தற்செயலாக அவருடைய கட்டிலைத் திருப்பிப் போட்டோம். தலை இருந்த பக்கம் கால் வந்தது. வீதிப் பக்கத்து யன்னல் அவர் கண்ணுக்கு நேரே ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போவது, மீன்காரன் சைக்கிள், முன்வீட்டுக்காரி துணி காயப்போடுவது எல்லாம் தெரிந்தது. புறுபுறுப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு வருடம் அந்த மனுஷி வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் பக்கத்து அறையில் திரு இருதயப் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மாமிக்குச் செய்வதை "இயேசுவுக்காகச் செய்கிறேன்" என்று அவர் காதில் விழச் சொல்லாதீர்கள். மோட்சத்துக்குப் போகும் ஏணியாக இருக்க எந்த மனிதருக்கும் பிடிக்காது. அவருக்காகவே, அவர் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். இயேசு அதைத் தமக்குச் செய்ததாக எடுத்துக்கொள்வது அவருடைய விஷயம். இரண்டாவது, கணவரும் அவருடைய சகோதரங்களும் முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பது அன்புக் குறைவல்ல. அவர்களுக்கும் தாய் அவர். நீங்கள் தனியாகச் சுமந்து, உள்ளுக்குள் கசந்து போவதைக் கடவுள் ஒரு பக்தி முயற்சியாகக் கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

இரவில், மற்றவர்கள் படுத்த பிறகு, ஐந்து நிமிடம். ஆத்தும சோதனை என்று சிறுவயதில் படித்திருப்பீர்கள். நம்மில் அநேகருக்கு அது அன்றைய பாவங்களைக் கூட்டிப் பார்ப்பது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கொடுத்த ஒழுங்கில் முதற்படி பாவம் அல்ல, நன்றி. கணக்குப் புத்தகத்தை விடமாட்டேன் என்றால் இந்த இடத்தில் திறந்துகொள்ளுங்கள்; வரவுப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்று என்ன கிடைத்தது? பஸ்ஸில் ஒரு பெடியன் எழும்பி இடம் தந்தான். மாமி கஞ்சியை முழுதாகக் குடித்தார். மின்சாரம் போகவில்லை. அதற்குப் பிறகு, எங்கே அன்பில்லாமல் நடந்தேன் என்பது தானாகத் தெரியவரும், பயமில்லாமலும் தெரியவரும். அதைச் சொல்லி, நாளைக்குரிய உதவியைக் கேட்டுவிட்டுப் படுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே சிவப்புக் குமிழ் எரியும் என்று நினைக்கிறேன், கொழும்பில் கத்தோலிக்க வீடு என்றால் அது இல்லாமல் இராது. அந்த வெளிச்சம் போதும்.

வட்ஸ்அப்பில் வரும் "ஒன்பது பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால்" செபங்களை அழித்துவிடுங்கள். அவை செபமல்ல, தபாலில் வரும் மிரட்டல். அனுப்பியவரிடம் கோபிக்க வேண்டாம், அவரும் பயந்துதான் அனுப்பியிருப்பார்.

கடைசியாக, அடுத்த முதல் வெள்ளி. வீட்டில் நோயாளிகள் இருந்தால் அன்று சுவாமியோ, நற்கருணைப் பணியாளரோ வந்து நற்கருணை கொடுப்பார்கள். மாமியின் பெயரை முந்தின ஞாயிறே பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு வருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். வேலைக்குப் போகுமுன் என்றால் நீங்களும் இருக்கலாம். முந்தின இரவே மாமிக்குத் தலைவாரி, பிடித்த சேலையோ சட்டையோ எது என்று கேட்டு எடுத்து வையுங்கள். கட்டிலோரம் ஒரு சிறிய மேசை, மருந்துப் போத்தல்களை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி, சிலுவை, ஒரு கிளாஸ் தண்ணீர், மெழுகுதிரி. அவர்கள் வரும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் திரி அணைந்துகொண்டே இருக்கும்.